ஆர்லிஸிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒருவன் சிரித்துக்கொண்டு போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாராலும் சொல்ல முடியாது. மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனாலும் அப்படித்தான். வெளியூர்க்காரர்கள் வந்தால் திருதிருவென்று விழிப்பார்கள். இத்தனை குழப்பத்துக்கும் காரணம் ஒரே ஒருத்தி. பெயர் ஆர்லிஸ் டோர்கர்சன். அறுபது தாண்டியவள், ஆளைவிடக் குரல் பெரியது, கோடையிலும் எங்கள் அணியின் நிறமான பச்சை மஞ்சளில் கம்பளிக் குல்லாய் போடுகிறவள்.

நான் நார்ப் வீஸ்னர். தபால் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பார் என்னுடையது. ஆர்லிஸும் நானும் ஒரே வகுப்பில் படித்தோம். அதனால் அவளைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. அவளைப் புரிந்துகொண்டேனா என்று கேட்டால், அது வேறு விஷயம்.

பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்துதான் எங்களுக்கு உயிர். எங்கள் அணி என்று நான் சொல்வது ஒரு நிறுவனத்தையோ பதினோரு பேரையோ அல்ல. எங்கள் பக்கத்தில் யாரும் "அவங்க ஜெயிச்சாங்க" என்று சொல்வதில்லை. "நாம ஜெயிச்சோம்" என்போம். தோற்றால்தான் சிலர் "அவங்க தோத்துட்டானுங்க" என்று நழுவிக்கொள்வார்கள். ஆர்லிஸ் அப்போதும் "நாம" என்றுதான் சொல்வாள். அதோடு நிறுத்தமாட்டாள். "நாம இன்னிக்கு ஜெயிக்கல, அவ்வளவுதான்" என்பாள். தோற்றோம் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

மதிய ஆட்டங்களை அவள் என் பாரில்தான் பார்ப்பாள். ஒருமுறை முப்பது புள்ளி பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை.

"ஆர்லிஸ், ஸ்டேடியத்துல பாதிப் பேர் கெளம்பிட்டாங்க பாரு," என்றேன்.

"போகட்டும். ஜெயிச்சதும் மீதிப் பேர் வெளிய வர்றப்ப நெரிசல் இருக்காது."

இந்த ஜென்மத்தோடு என்ன பேசுவது? நான் கண்ணாடித் தம்ளர்களைத் துடைக்கப் போய்விட்டேன்.

அவளுக்கு நேர் எதிர் அவள் தம்பி டெல்மர். நாணயம் சுண்டும்போதே "போச்சு" என்பான். முப்பது புள்ளி முன்னால் இருந்தாலும் "இப்பத்தான் சறுக்குவானுங்க" என்பான். ஒவ்வொரு தடவை பந்து கைநழுவும்போதும் செத்தவன்போல மேஜைமேல் சரிந்துவிடுவான். எவ்வளவு ஜெயித்தாலும் அவன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்து கத்தி நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி மூன்றே வருடத்தில் அவன் மனைவி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். அந்தப் பக்கத்து அணியும் எங்களுக்குப் பரம விரோதி. ஆகவே டெல்மருக்கு இரண்டு வகையில் வயிற்றெரிச்சல்.

அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நாற்பது மாடு. காலைக் கறவை டெல்மருடையது, சாயங்காலக் கறவை ஆர்லிஸுடையது. மாட்டுக்கு ஞாயிறு என்ன, திங்கள் என்ன? நேரமானால் மடி கனத்துக் கத்தும். மூன்று மணிக்குத் தொடங்குகிற ஆட்டம் என்றால் ஆர்லிஸ் முதல் பாதியைக்கூடப் பார்க்க முடியாது. எனவே வீடியோ ரெக்கார்டரில் டேப்பைப் போட்டுவிட்டுக் கொட்டிலுக்குப் போவாள். கறந்து முடித்து, குளித்து, சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, அப்போதுதான் ஆட்டம் நடக்கிறது என்ற பாவனையில் முதலிலிருந்து பார்ப்பாள். அதுவரை ஆட்ட முடிவை யாரும் அவளிடம் சொல்லக்கூடாது. இது ஊர்ச் சட்டம்.

சொல்லாமல் இருந்துவிடலாம். மூஞ்சியை என்ன செய்வது? ஞாயிறு மாலை சர்ச்சில் சாப்பாடு இருக்கும், கடையில் ரொட்டி வாங்க வருவாள், வழியில் யாராவது எதிர்ப்படுவார்கள். முதலில் எல்லோரும் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்று பார்த்தோம். சரிப்படவில்லை. பிறகு என் பாரில் கூடி ஒரு முடிவு செய்தோம்: ஜெயித்தால் சோகமாக இருப்பது, தோற்றால் சிரிப்பது. இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அதன்பின் சிலர் பழையபடி மாறினார்கள், சிலர் மாறவில்லை, சிலருக்கு எது பழையது என்றே மறந்துவிட்டது. தபால் நிலையத்து லாவெர்ன் எது நடந்தாலும் மூக்கைச் சிந்தத் தொடங்கினாள்.

வேடிக்கை என்னவென்றால், ஆர்லிஸுக்கு எந்த மூஞ்சியும் ஒன்றுதான். நாங்கள் சிரித்தால் "ஜெயிச்சாச்சு, அடக்க முடியல இவங்களுக்கு" என்பாள். சோகமாக இருந்தால் "நடிப்பைப் பாரு, ஜெயிச்சாச்சு" என்பாள். சும்மா இருந்தால் "மறைக்கிறாங்க. நல்ல சேதியைத்தானே மறைப்பாங்க" என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவாள். டேப்பைப் போட்டுப் பார்த்துத் தோல்வி என்று தெரிந்த பிறகும் மறு வாரம் அதே கதை. இது புத்தியா, புத்தி இல்லாமையா என்று நானும் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஞாயிறு மான் வேட்டைக் காலத்தின் கடைசி நாள். பார் முழுக்க வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுக் கோட்டுகள். மூன்று மணி ஆட்டம், அதுவும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணியோடு. மூன்றாம் பகுதி முடியப் போகிறது, நாங்கள் இரண்டு புள்ளி முன்னால். அவர்கள் ஒரு பந்தைப் பறித்துக்கொண்டு ஓட, டெல்மர் வழக்கம்போல "போச்சு" என்று மேஜைமேல் சரிந்தான்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவேண்டும்? வாரா வாரம் நடப்பதுதானே. நான்கூட "எந்திரிடா, இன்னும் முன்னாலதான் இருக்கோம்" என்று அவன் தம்ளரில் பிராந்தி ஊற்றினேன். அவன் எழவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். முகம் சாம்பல் பூத்திருந்தது. வாய் எதையோ சொல்லப் பார்த்தது. நடிக்கிறானா நிஜமா என்று அவன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நல்லவேளை, ஊர் ஆம்புலன்ஸை ஓட்டுகிற கார்டி இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். வேட்டைக் கோட்டோடு ஓடி வந்து நாடி பார்த்தான். "நெஞ்சு," என்றான். அவ்வளவுதான். நான்கு பேர் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். வண்டி போன பிறகு பாரில் எல்லோரும் தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"ஆர்லிஸ்கிட்ட யாராவது சொல்லணுமே," என்றது ஒரு குரல்.

"போன் பண்ணு."

"ஆட்டம் நடக்கறப்ப அவ போனைக் கழட்டி வச்சுடுவா, தெரியாதா?"

"அப்ப நீதான் போகணும், நார்ப்."

கல்லாவை மனைவியிடம் விட்டுவிட்டு டிரக்கை எடுத்தேன். பாதி வழியில்தான் கவனித்தேன், ரேடியோவை அணைத்து வைத்திருக்கிறேன். ஆர்லிஸைப் பார்க்கப் போகும்போது ஆட்ட நிலவரம் தெரிந்திருக்கக்கூடாது என்று கை தானாகவே செய்திருக்கிறது. அவள் தம்பி சாகக் கிடக்கிறான், நான் இதைப் பார்க்கிறேன்! என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் ரேடியோவைப் போடவில்லை.

கொட்டிலில் கறவை இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. டேப்ரெக்கார்டரில் போல்கா நடனப் பாட்டு. இரண்டு மாடுகளுக்கு நடுவே குனிந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"நில்லு! அங்கயே நில்லு! வாயத் தெறந்தே, இந்த வாளிய ஒன் தலையில கவுத்துடுவேன்!"

"ஆர்லிஸ், நான் ஆட்டத்தப் பத்திச் சொல்ல வரல..."

"போன வருஷம் லாவெர்னும் இதையேதான் சொன்னா. ஆட்டத்தப் பத்தி இல்லடி, வானிலையப் பத்தின்னா. 'இன்னிக்கு நம்ம ஊரே இருண்டு கெடக்கு'ன்னா. கேட்டவளுக்கு வெளங்காதா?"

"டெல்மருக்கு..."

அதற்குள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சர்ச்சுப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடத் தொடங்கிவிட்டாள். நான் கத்தினேன். இயந்திரம் இரைந்தது. போல்கா ஓடியது. மாடுகள் திரும்பிப் பார்த்தன. கையை ஆட்டிக் காட்டினால் கண்ணையும் மூடிக்கொண்டாள். நடுவில் ஒருமுறை ஒற்றைக் கண்ணைத் திறந்து, "ஒன் மூஞ்சியப் பாரு! பெரிய வெற்றிதான் போல!" என்றுவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இவளிடம் எப்படிச் சொல்வது? கண்ணையும் காதையும் மூடிக்கொண்ட ஒருத்திக்கு எதைத்தான் தெரிவிக்க முடியும்? என்ன செய்வதென்று தெரியாமல், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து மடியைத் துடைக்க ஆரம்பித்தேன். அது யோசித்துச் செய்த காரியம் அல்ல. கை சும்மா இருக்க முடியவில்லை.

பாட்டு நின்றது.

"என்ன பண்றே?"

"கறக்கறேன்."

"எதுக்கு? ஆட்டம் கடைசிப் பகுதிக்கு வந்திருக்குமே. ஊரே ஒன் பார்ல உக்காந்திருக்கும். நீ கல்லாவ விட்டுட்டு இங்க வந்து..."

அங்கேயே நிறுத்தினாள். கையைக் காதிலிருந்து எடுத்தாள். ஆட்டத்தின் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு ஒருவன் மாடு கறக்க வருகிறான் என்றால், அது வேறு எதையும் பற்றி இருக்க முடியாது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. வாயால் சொல்லிப் புரியாதது அப்படித்தான் புரிந்தது.

"இருக்கானா?" என்றாள்.

"இருக்கான். நெஞ்சு வலி. கார்டி கூட்டிட்டுப் போயிருக்கான்."

"அந்த வெள்ளை மாடு ஒதைக்கும், பாத்துக்க," என்றுவிட்டு ரப்பர் பூட்ஸோடே ஓடினாள்.

வெள்ளை மாடு உதைத்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அப்படியும் உதைத்தது. எல்லா மாடுகளையும் கறந்து முடித்து, நொண்டிக்கொண்டு டிரக்கில் ஏறி, முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிற அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நானும் ஆட்ட முடிவு தெரியாதவன்தான். போகிற வழியில் ரேடியோவைப் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அறைக்குள் டெல்மர் குழாய்களுக்கு நடுவே கிடந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அன்றைக்கே நெஞ்சைத் திறக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வண்டி தயாராகிக்கொண்டிருந்தது. பிழைப்பது பாதிக்குப் பாதி என்று அந்தச் சின்ன வயசு டாக்டர் என்னிடம் மென்று விழுங்கிச் சொன்னார். படபடப்பு கூடாது, மனதைத் தெம்பாக வைத்திருக்கவேண்டும் என்றார். ஆர்லிஸ் கட்டிலருகே மாட்டுவாடையோடு உட்கார்ந்து தம்பியின் கையைப் பிடித்திருந்தாள்.

"டெல்மர், நாம ஜெயிச்சுட்டோம்," என்றாள்.

டெல்மர் அவளைப் பார்த்தான். "நெசமாவா?"

"கடைசி ஒதை. ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல போயிருக்கு. எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது."

நொண்டுவதையும் மறந்து நடைக்கு ஓடி வந்தேன். சுவரில் சாய்ந்திருந்த கார்டியின் முதுகில் ஓங்கித் தட்டினேன். "ஜெயிச்சுட்டோம்டா!"

கார்டி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "எங்க ஜெயிச்சோம்? ஒரு புள்ளில தோத்தோம். கடைசி ஒதை எடது பக்கமா வெளிய போச்சு."

"அப்ப ஆர்லிஸ் சொல்றாளே?"

"என்ன சொல்றா?"

"ஜெயிச்சோம்கறா."

"நான் எதுவும் சொல்லலப்பா. இங்க எவனும் சொல்லல."

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மெதுவாக அறைக்குப் போய் ஆர்லிஸை வெளியே கூப்பிட்டேன். கதவைத் தாண்டியதும் அவள் செய்த முதல் காரியம், என் குல்லாயைப் பிடித்து மூக்குவரை இழுத்துவிட்டதுதான். மீதிப் பேச்சு முழுவதும் கம்பளிக்குள்ளிருந்துதான் நடந்தது.

"ஒன் மூஞ்சியக் காட்டாதே, நார்ப். ஒனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நெனக்கிறேன்."

"ஜெயிச்சோம்னு யாரு சொன்னது ஒன்கிட்ட?"

"யாரும் சொல்லல."

"பின்ன?"

"ஜெயிச்சிருப்போம். நாம எப்பவும் கடைசி ஒதையிலதானே ஜெயிப்போம்."

"ஆர்லிஸ், ஒருவேளை..."

"வாய மூடு!" குல்லாயின்மேல் ஒரு அடி விழுந்தது. "கேளு. நான் பொய் சொன்னா என் காது செவந்துடும். சின்ன வயசுலேருந்து அவனுக்கு அது தெரியும். தெரியாம சொன்னா பொய் இல்ல, காது செவக்காது. எப்பவும் போச்சு போச்சுன்னே இருக்கறவன் அவன். இப்பவும் அப்படி நெனச்சுக்கிட்டே கத்திக்குக் கீழ போனா வரமாட்டான். இன்னிக்கு ஒரு நாள், ஜெயிச்சுட்டோம்னு நெனச்சுக்கிட்டுப் போகட்டும். அவன் கண்ணு முழிக்கற வரைக்கும் என்கிட்ட யாரும் சொல்லக்கூடாது. ஊரு பூரா சொல்லி வை."

சொல்லி முடித்ததும் அவள் குரல் மாறியது.

"எனக்குப் பயமா இருக்கு, நார்ப். அவன் இல்லாம அந்த வீட்ல நான் என்ன பண்ணுவேன்?"

அறுபது வருடப் பழக்கத்தில் அவள் பயம் என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். நல்லவேளை, என் மூஞ்சியை மறைக்கக் குல்லாய் இருந்தது.

அந்த நேரம் பார்த்தா பாஸ்டர் லுண்ட் வரவேண்டும்? மனுஷன் நல்லவர்தான், ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர். அவருடைய அணி அன்றைக்கு ஜெயித்திருக்கிறது. ஜெபிக்க வந்தவருக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. சோகமாக வைத்துக்கொள்ளப் பார்ப்பார், ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும், அதை விழுங்குவார். நான் குல்லாயைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவர் காதில் சொன்னேன்: "பாஸ்டர், உள்ள போனதும் கண்ண மூடிட்டு ஜெபம் பண்ணுங்க. ஆமென் வரைக்கும் தெறக்காதீங்க. ஆமெனுக்கு அப்புறமும் தெறக்காதீங்க."

அப்படியே செய்தார். கண்ணை மூடியபடியே வெளியே வந்து கதவில் இடித்துக்கொண்டார்.

வண்டி வந்தது. டெல்மரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆர்லிஸ் அவள் கோட்டை எடுக்க அறைக்குள் போன இடைவெளியில் அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். குனிந்தேன்.

"ஆம்புலன்ஸ்ல கார்டி ரேடியோ போட்டிருந்தான்," என்றான். மூச்சு வாங்கியது. "எடது பக்கம் வெளிய போச்சு. அவகிட்ட சொல்லிடாதே. அவ இன்னும் டேப் பாக்கல."

நான் அந்த நடையிலேயே பேய் முழி முழித்துக்கொண்டு நின்றேன். அக்கா தம்பிக்காகத் தெரியாமல் இருக்கிறாள். தம்பி அக்காவுக்காகத் தெரியாதவன்போல இருக்கிறான். இரண்டு பேரும் ஜெயித்துவிட்டதாக ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கொள்கிறார்கள். தோற்றது எனக்கு மட்டும்தான் பாரமாக இருக்கிறது. நான் யார் பக்கம் நிற்பது? யாரிடம் எதை மறைப்பது?

டெல்மர் பிழைத்துக்கொண்டான். கண் விழித்தான் என்ற செய்தி வந்தபோது பாரில் எல்லோருக்கும் என் செலவில் ஊற்றினேன். கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஆர்லிஸ் முடிவைக் கேட்கவில்லை. "கண் முழிச்சுட்டான், இப்பச் சொல்லவா?" என்று கேட்டேன்.

"சொல்லவே சொல்லாதே. ரெண்டு பேருமாப் பாக்கப்போறோம். டேப் அப்படியே இருக்கு."

அந்த வாரம் முழுக்க பக்கத்துப் பண்ணைக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு அவள் மாடுகளைக் கறந்தார்கள். ஒருத்தர் வாயிலும் ஒரு சொல் இல்லை. லாவெர்ன் அவளுடைய செய்தித்தாளைத் தபால் நிலையத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டாள். ஆர்லிஸோ பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு திரிந்தாள்: "ஜெயிச்சதுனாலதான் அவன் பொழச்சான். அந்த ஒதை வெளிய போயிருந்தா இவனும் போயிருப்பான்." இதைக் கேட்டவர்கள் எல்லாம் என்னிடம் ஓடி வந்தார்கள். "நார்ப், அவ அந்த டேப்பைப் பாத்தா என்ன ஆவா?" எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? சனிக்கிழமை டெல்மர் வீட்டுக்கு வந்தான். அவள் அடுப்படியில் இருந்தபோது மெல்லக் கேட்டேன்.

"டேப்பை அழிச்சுடவா? மின்சாரம் போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"அழிச்சேன்னா ஒன்னக் கொன்னுடுவா. விடு, பாக்கட்டும்."

"நீ தாங்குவியா?"

"நான் தோத்தே பழக்கப்பட்டவன்டா. அவளை நெனச்சாத்தான்..."

இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு சின்னத் தலையணை கொடுத்திருந்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு அவன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தான். ஆர்லிஸ் பாலாடைக்கட்டியும் சாசேஜும் தட்டில் வைத்துவிட்டு டேப்பைப் போட்டாள். நான் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். உட்காரு என்றாள். உட்கார்ந்தேன்.

ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. அவர்கள் இருவரையும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்லிஸ் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தொடையில் தட்டினாள். டெல்மர் "போச்சு" என்று சொல்லவேண்டிய இடத்தில் எல்லாம் சரியாகச் சொன்னான். அவன் சரிந்து விழுந்த அந்த இடம் வந்தபோது மட்டும் "போச்சு" வரவில்லை. ஆர்லிஸ் கையை நீட்டி அவன் முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

கடைசியில் ஒரு புள்ளி பின்னால். சில நொடிகள் மீதி. எங்கள் ஆள் உதைக்க வந்து நின்றான். கம்பங்களுக்கு நடுவே போனால் வெற்றி. ஆர்லிஸ் நாற்காலி நுனிக்கு வந்தாள். "இதோ பாரு, இதுதான்," என்றாள். பந்து கிளம்பியது.

"உள்ள போ! உள்ள போ! போ! போ!"

கத்தியது டெல்மர். எழுந்து நின்றிருந்தான். தலையணை தரையில் கிடந்தது. நானும் நின்றுகொண்டிருந்தேன், எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. பந்து எங்கே போகும் என்று எனக்கும் அவனுக்கும் ஆறு நாளாகத் தெரியும். தெரிந்தும் நின்றோம்.

பந்து இடது பக்கமாக வெளியே போனது.

ஆர்லிஸ் திரையைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"தோத்துட்டோமா?" என்றாள். அந்தச் சொல்லை அவள் சொன்னாள்.

"ஒரு புள்ளி," என்றான் டெல்மர்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆம்புலன்ஸ்லயே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா ஆபரேஷனுக்குப் போனே?"

"நீ ஜெயிச்சோம்னு சொன்னியே."

"அது நெசம் இல்லையேடா!"

"தெரியும். ஆனா நீ சொன்னதைக் கேட்டா..." நிற்க முடியாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். "ரேடியோக்காரன் தப்பாச் சொல்லிட்டானோன்னு தோணிச்சு. மயக்க மருந்து குடுக்கறப்பக்கூட அதைத்தான் யோசிச்சுட்டு இருந்தேன். இப்பவும் பாரு, இந்த நிமிஷம் வரைக்கும், எங்கயாவது உள்ள போயிடும்னுதான் இருந்தேன்."

ஆர்லிஸின் தோள் குலுங்கியது. தன் குல்லாயைப் பிடுங்கி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. இந்த ஊரில் யார் மூஞ்சியை வைத்தும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே கேட்டுவிட்டேன்.

"எனக்கும் தெரியல, நார்ப்," என்றாள் குல்லாய்க்குள்ளிருந்து. "மொதல்ல அவனப் புடிச்சு உக்கார வை. தையல் பிரிஞ்சுடப் போவுது."